கோழிக்குஞ்சின் இனமும் பாலும்

(கால்நடைப் பராமரிப்பு அலுவலர்களும் மாணவர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)

ஒரு நாள் வயதுடைய கோழிக்குஞ்சின் எடை ஏறத்தாழ 40 கிராம். முட்டையின் மஞ்சள் கருவில் எஞ்சிய பகுதி அதன் வயிற்றுக்குள் இருப்பதால், இரண்டு மூன்று நாட்கள் இரையும் நீருமின்றி அது உயிர் தாங்கும். இந்த வசதியினால்தான் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து அட்டைப் பெட்டிகளில் அடைத்து நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்ப முடிகிறது. கோழி வளர்ப்பு பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு இயற்கை அளித்த இச்சலுகை ஒரு முக்கியக் காரணம். ஆனால் குஞ்சு கைமாறுகின்ற இந்த வயதில்தான் அதைப் பற்றி வாங்குபவருக்கு மிகக் குறைவாகத் தெரிகிறது. அது பெட்டையா சேவலா, முட்டைக்கு உரியதா இறைச்சிக்கு உரியதா, தூய இனமா கலப்பா என்பதையெல்லாம் விற்பவர் சொல்லக் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது. பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்லக்கூடிய அனுபவசாலியான உழவரும் குஞ்சுப் பெட்டியின் முன்னால் ஒன்றும் அறியாதவராகி விடுகிறார்.

2019ஆம் ஆண்டின் 20வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழியினப் பறவைகளின் எண்ணிக்கை 85.18 கோடி. இவற்றுள் 31.7 கோடி புறக்கடையில் வளர்பவை. பெரும் பண்ணைகளுக்குக் குஞ்சுகள் பால் பிரிக்கப்பட்டே வருகின்றன. தவறினால் பொரிப்பகத்தைக் கேட்கும் வலிமையும் பண்ணையாளருக்கு உண்டு. புறக்கடையில் வளர்க்கும் குடும்பத்தின் நிலை வேறு. அங்கே 20 குஞ்சுகள் என்பதே ஒரு முதலீடு.

பால் பிரிக்காமல் 20 குஞ்சுகள் கொடுத்தால் சராசரியாகப் 10 பெட்டைகள் கிடைக்கும் என்று கோப்பில் எழுதுவது வழக்கம். சராசரி என்னவோ உண்மைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் கூண்டில் சராசரி வளர்வதில்லை. நாணயத்தை 20 முறை சுண்டும் கணக்கைப் போட்டுப் பார்த்தால், நூற்றில் 13 குடும்பங்களுக்கு 7 அல்லது அதற்கும் குறைவான பெட்டைகளே வாய்க்கும். 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும் என்னும்போது, இக்குடும்பங்கள் 13 அல்லது அதற்கு மேற்பட்ட சேவல்களுக்கு இரை போட்டுக் கொண்டிருக்கும். அதிகாரி ஏமாற்றிவிட்டார் என்று அவர்கள் நினைப்பார்கள். வளர்க்கத் தெரியவில்லை என்று அதிகாரி நினைப்பார். இருவர் மீதும் குற்றமில்லை. பிரித்துக் கொடுக்காததே குறை.

முட்டையின் வடிவம்

ஆகவே குஞ்சின் பாலை முன்னதாகவே அறிய வேண்டும் என்ற ஆவல் மிகப் பழமையானது. நீண்டு கூர்மையான முட்டையில் பெட்டை இருக்கும், உருண்டையான முட்டையில் சேவல் இருக்கும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா இதற்கு நேர் எதிராக, நீண்டதில்தான் சேவல் என்றார். இரண்டு கட்சிக்கும் இன்றளவும் ஆதரவாளர்கள் இருக்கின்றனர். ஒரு கோழி இடும் முட்டைகள் பெரும்பாலும் ஒரே வடிவில் இருக்கும் என்பதைக் கவனித்தால் இவ்வழக்கு தீர்ந்துவிடும். வடிவம் பாலைக் குறிக்குமானால், கூர்முட்டை இடும் கோழி ஆயுள் முழுவதும் ஒரே பாலைச் சேர்ந்த குஞ்சுகளையே பொரிக்க வேண்டும். அப்படிப்பட்ட கோழியை எவரும் கண்டதில்லை. முட்டையின் மேல் நூலில் மோதிரத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்பதும், குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. பாதிக்குப் பாதி பலிப்பதால் இவை அழியாமல் நிற்கின்றன.

உண்மையில் பாலை முடிவு செய்வது தாய்க்கோழியின் கருவணு. மனிதரில் ஆணிடத்தில் இரு வகைப் பால் குரோமோசோம்கள் உள்ளன. கோழியில் பெட்டையிடத்தில் உள்ளன. சேவலுக்கு இரண்டு இசட்; பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. ஆண் குஞ்சு தந்தையிடமிருந்து ஓர் இசட்டும் தாயிடமிருந்து ஓர் இசட்டும் பெறுகிறது. பெண் குஞ்சு தாயிடமிருந்து டபிள்யூவைப் பெறுவதால் அதன் ஒரே இசட் தந்தையினுடையது. இந்த ஒரு செய்தியை மாணவர்கள் மனத்தில் நிறுத்திக் கொண்டால் இனி வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இசட் குரோமோசோமில் அமைந்த ஜீன்கள் சில குஞ்சின் உடலில் வெளிப்படையாகத் தெரியும் அடையாளங்களை உண்டாக்குகின்றன. இறகில் வெள்ளைக் கோடு இடும் ஜீன் அவற்றுள் ஒன்று. கோடிட்ட பிளிமத் ராக் பெட்டையை ரோட் ஐலண்டு ரெட் சேவலுடன் இணைத்தால், ஆண் குஞ்சுகள் தாயின் ஜீனைப் பெற்றுக் கரிய உடலில் உச்சந்தலை மீது ஒரு வெண்புள்ளியுடன் பிறக்கும். பெண் குஞ்சுகளுக்கு அந்த ஜீன் வர வழியில்லை. அவை புள்ளியின்றிக் கருத்திருக்கும். எவரும் பிரித்துவிடலாம், பயிற்சிகூடத் தேவையில்லை. வெள்ளி நிறம், பொன்னிறம் என்னும் மற்றொரு ஜோடியும் இவ்வாறே. வெள்ளி ஜீனுடைய பெட்டைக்கும் ரோட் ஐலண்டு ரெட் சேவலுக்கும் பிறப்பவற்றுள் வெளிர் மஞ்சள் குஞ்சு சேவல், செம்பழுப்புக் குஞ்சு பெட்டை. பழுப்பு முட்டையிடும் கலப்பினங்கள் பலவற்றில் இம்முறையே கையாளப்படுகிறது.

இப்போது பெற்றோரை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். சேவல் கோடிட்ட பிளிமத் ராக், பெட்டை ரோட் ஐலண்டு ரெட். இனங்கள் அவையே, ஆனால் எல்லாக் குஞ்சுகளின் தலையிலும் வெண்புள்ளி இருக்கும். பெண் குஞ்சு தந்தையிடமிருந்தும் அதைப் பெற்றுவிட்டது. முந்தைய கூட்டத்தில் சேவலைக் காட்டிக் கொடுத்த அதே புள்ளி இங்கே எதையும் காட்டுவதில்லை. குஞ்சின் உடலில் உள்ள அடையாளம் தானாகப் பேசாது. பெற்றோர் யார், அவற்றுள் எது தாய், எது தந்தை என்பது தெரிந்தால்தான் பேசும். குஞ்சு ஆய்வில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் நேர்பவை.

சிறகைப் பார்த்துப் பிரிப்பதும் இதே நியதிக்கு உட்பட்டது. இறகு மெதுவாக வளரச் செய்யும் ஜீனும் இசட்டில் உள்ளது. மெதுவாக இறகு முளைக்கும் பெட்டையை விரைவாக முளைக்கும் சேவலுடன் இணைக்கிறார்கள். பிறக்கும் குஞ்சின் சிறகை விசிறிபோல் விரித்தால், முதன்மைச் சிறகுகள் மேல்மூடிச் சிறகுகளைவிடத் தெளிவாக நீண்டிருப்பவை பெட்டைகள். இரண்டும் சமமாகவோ மேல்மூடிச் சிறகுகள் நீண்டோ இருப்பவை சேவல்கள். பொரித்த முதல் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். பிறகு எல்லாச் சிறகும் வளர்ந்து வேற்றுமை மங்கிவிடும்.

இம்முறை எளிதாக இருப்பதால், சிறு பொரிப்பகங்களிலும் எந்தக் குஞ்சாயினும் சிறகை விரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேற்சொன்ன கலப்பில் பிறந்த சேவலையும் பெட்டையையும் வளர்த்து ஒன்றோடொன்று இணைத்தால், அடுத்த தலைமுறையில் ஆண் குஞ்சுகளில் பாதி மெதுவாக இறகு முளைப்பவை, பாதி விரைவாக முளைப்பவை. பெண் குஞ்சுகளிலும் அப்படியே பாதிக்குப் பாதி. சிறகின் நீளத்துக்கும் பாலுக்கும் இருந்த தொடர்பு ஒரே தலைமுறையில் அறுந்துவிட்டது. அத்தகைய குஞ்சுகளைச் சிறகு பார்த்துப் பிரிப்பவர், மோதிரத்தை நூலில் கட்டித் தொங்கவிடுபவரைக் காட்டிலும் மேலானவர் அல்லர். அவருக்கு அறிவியலின் தோற்றம் மட்டும் கூடுதலாக இருக்கிறது.

தலைமுறை தோறும் அடையாளம் நிலைக்கும்படி ஓர் இனத்தையே உருவாக்கவும் முயன்றார்கள். கேம்பிரிட்ஜில் பன்னெட், பீஸ் ஆகிய இருவரும் 1929இல் அறிவித்த கேம்பார் இனம் அப்படிப்பட்டது. கோடிடும் ஜீன் சேவலில் இரண்டும் பெட்டையில் ஒன்றும் இருப்பதால், ஆண் குஞ்சின் தூவி வெளிறியும் பெண் குஞ்சின் தூவி அடர்ந்த நிறத்துடனும் இருக்கும். தூய இனமாகவே பெருக்கலாம், அடையாளம் மாறாது. தாமே அடை வைத்துப் பொரிக்கும் கிராமக் குடும்பங்களுக்கு இத்தகைய இனமே மிகப் பொருத்தமானது. ஆனால் முட்டை எண்ணிக்கையில் கலப்பினங்கள் முந்திச் சென்றதால் தொழிலுலகம் இதைக் கைவிட்டது. புறக்கடைக்கென இனம் உருவாக்குவோர் இதை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.

பெற்றோரைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையிலும் பாலைச் சொல்லக்கூடிய முறை ஒன்று உண்டு. 1920களில் ஜப்பானில் மசூயி, ஹஷிமோட்டோ முதலிய ஆய்வாளர்கள் குஞ்சின் எச்சத்துவாரத்தின் உட்புறத்தை ஆராய்ந்து, ஆண் குஞ்சில் குண்டூசித் தலையளவு சிறுமுகிழ் ஒன்று இருப்பதை எடுத்துக் காட்டினர். 1927இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழியின மாநாட்டின் வழியாக இது பிற நாடுகளுக்குத் தெரிய வந்தது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பெண் குஞ்சுகள் சிலவற்றிலும் தட்டையான முகிழ் இருக்கும். ஆண் குஞ்சுகள் சிலவற்றில் அது சிறுத்துவிடும். இந்த ஐயப்பாட்டுக்குரிய வடிவங்களைப் பிரித்தறிவதில்தான் கலை இருக்கிறது. தேர்ந்தவர்கள் மணிக்கு 1,000 குஞ்சுகள் வரை பார்த்து, நூற்றுக்கு 98 சரியாகச் சொல்கிறார்கள். தாம் எதைக் கண்டு முடிவு செய்கிறோம் என்பதை அவர்களாலேயே சொற்களில் விளக்க முடிவதில்லை. ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் கையாண்டு பழகுவதைத் தவிரக் குறுக்கு வழி இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு முயல்பவர் அழுத்தம் தவறி உள்ளிருக்கும் மஞ்சள் கருப் பையை உடைத்து விடுவார், குஞ்சு இறக்கும். கை சுத்தமாக இல்லாவிடில் ஒரு குஞ்சின் நோய் ஆயிரம் குஞ்சுகளுக்குப் பரவும். இறகிலிருந்து மரபணுச் சோதனை மூலம் பாலை ஐயமின்றி அறியும் வசதியும் இன்று ஆய்வகங்களில் உள்ளது. அருமையான இனவிருத்திப் பறவைகளுக்கு அது ஏற்றதே ஒழிய, பெட்டி பெட்டியாக வரும் குஞ்சுகளுக்குக் கட்டுப்படியாகாது.

கருங்கோழியின் கதை

இனத்தை அறிவது பாலை அறிவதைவிடக் கடினம். இதற்குக் கடக்நாத் என்னும் கருங்கோழியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளில் பில், பிலாலா பழங்குடியினர் வழிவழியாகக் காத்து வந்த இனம் இது. தோல், அலகு, கால் மட்டுமன்றி இறைச்சியும் உள்ளுறுப்புகளும் கருமை படர்ந்திருப்பதால் அங்கே இதைக் காலாமாசி என்பர். 2018இல் ஜாபுவாவின் கடக்நாத் கோழி இறைச்சிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புகழோடு விலையும் ஏறியது. விலையோடு போலியும் வந்தது.

ஒரு நாள் வயதுள்ள கடக்நாத் குஞ்சு நீலங்கலந்த கருமையுடன் முதுகில் ஒழுங்கற்ற கரும்பட்டைகளோடு இருக்கும். கொண்டை ஒற்றைக் கொண்டை. காலில் நான்கு விரல்கள். கருந்தோலுடைய மற்றோர் இனமான சில்க்கிக்கு ஐந்து விரல்கள் உண்டு என்பதால் அவ்விரண்டையும் குழப்ப வேண்டியதில்லை. குழப்பம் வருவது கலப்பினால்தான். கருமையைத் தரும் ஜீன் ஓங்கு தன்மை உடையது; ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே குஞ்சில் தெரியும். இசத்நகரிலுள்ள மத்தியப் பறவைகள் ஆராய்ச்சி நிறுவனம் கடக்நாத் சேவலைத் தன் சிவப்பு இனப் பெட்டையுடன் இணைத்து உருவாக்கிய காரி சியாமாவின் தோலும் காலும் கருஞ்சாம்பல் நிறமே. அது கலப்பு என்று வெளிப்படையாகச் சொல்லியே வழங்கப்படுகிறது. புறக்கடைக்கு நல்ல கோழி. அதே போன்ற கலப்பைத் தூய கடக்நாத் என்று விற்பதுதான் மோசடி.

இங்கேயும் இசட் குரோமோசோம் உதவிக்கு வருகிறது. தோலின் கருமையை அடக்கும் ஜீன் ஒன்று அதில் உள்ளது. மஞ்சள் அல்லது வெள்ளைக் கால்களை உடைய சீமை இனங்கள் பலவற்றில் இந்த அடக்கும் ஜீன் உண்டு, கருங்கோழியில் இல்லை. சில்க்கிக்கும் பழுப்பு லெகார்னுக்கும் இடையே இதை ஆராய்ந்து பேட்சனும் பன்னெட்டும் 1911இல் வெளியிட்ட முடிவு இன்றும் பயன்படத் தக்கது. தாய் லெகார்ன், தந்தை சில்க்கி என்றால் மகள்கள் நன்கு கறுத்தும் மகன்கள் இலேசாகக் கறுத்தும் பிறந்தன. தாய் சில்க்கி, தந்தை லெகார்ன் என்றால் மகனும் மகளும் இலேசாகவே கறுத்தன. இதன்படி, கடக்நாத் என்று வாங்கிய குஞ்சுகள் வளரும்போது இரு கூறாகப் பிரிந்து, அடர்ந்து கறுத்தவை யாவும் பெட்டைகளாகவும் வெளிறியவை யாவும் சேவல்களாகவும் இருக்கக் கண்டால், அவற்றின் தாய் கடக்நாத் அன்று எனத் துணிந்து கூறலாம். தூய இனத்தில் கருமை பாலைப் பார்த்துப் பிரிவதில்லை.

ஆனால் தாய் கருங்கால் நாட்டுக்கோழியாக இருந்தால் இச்சோதனை தோற்றுவிடும். அதனிடம் அடக்கும் ஜீன் இல்லாததால் மகனும் மகளும் ஒரே மாதிரி கறுத்திருக்கும். கண்ணால் எதையும் கண்டுபிடிக்க இயலாது. ஜாபுவாவின் பெயரைச் சொல்லி விற்கப்படும் குஞ்சு ஜாபுவாவின் தாய்க் கூட்டத்திலிருந்து வந்ததா என்பதற்குப் பதிவேடே சான்று, குஞ்சு சான்றாகாது. பதிவேடு இல்லாத இடத்தில் இழப்பு வாங்குபவருக்கு மட்டும் நேர்வதில்லை. இனத்தைக் காத்து வந்த பழங்குடிக் குடும்பங்களுக்கு வர வேண்டிய விலையும் கலப்புக் கோழிக்குப் போய்விடுகிறது.

மற்ற இனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அசீல் குஞ்சின் பட்டாணிக் கொண்டையும் ஓங்கு பண்பே. அசீல் கலப்பிலும் அது தெரியும். கழுத்தில் இறகில்லாமை பிறந்த அன்றே தெரியும். கழுத்தின் முன்புறம் சிறு குஞ்சம்போல் இறகு இருந்தால் அது பெரும்பாலும் கலப்பு. மஞ்சள் தூவி எதையும் சொல்வதில்லை. வெள்ளை லெகார்ன் குஞ்சும் மஞ்சள், இறைச்சிக் கோழிக் குஞ்சும் மஞ்சள்.

இந்த மஞ்சள் ஒற்றுமை பலரை ஏமாற்ற உதவுகிறது. முட்டைக் கோழிப் பொரிப்பகங்களில் பிறக்கும் குஞ்சுகளில் பாதி சேவல்கள். அவை முட்டையிடப் போவதில்லை, இறைச்சிக்கும் வேகமாக வளரா. பல நாடுகளில் அவற்றை முதல் நாளே அழித்து விடுகின்றனர். ஜெர்மனி 2022இலும் பிரான்சு 2023இலும் இதைத் தடை செய்து, முட்டைக்குள்ளேயே பாலை அறியும் கருவிகளுக்கு மாறத் தொடங்கின. இந்தியாவில் இச்சேவல் குஞ்சுகள் மலிவு விலைக்கு வியாபாரிகளிடம் சென்று, சில வேளைகளில் பச்சையும் சிவப்புமாகச் சாயம் தோய்க்கப்பட்டு, சந்தைகளிலும் தெருக்களிலும் கூடையில் விற்கப்படுகின்றன. குழந்தைகள் விரும்பி வாங்குகின்றனர். அது போகட்டும். இறைச்சிக் கோழி என்று நம்பி அவற்றை 50, 100 என்று வாங்கி வளர்க்கும் எளிய குடும்பத்தின் கதைதான் வருந்தத்தக்கது. இறைச்சிக் கோழி 6 வாரத்தில் 2 கிலோவைத் தொடும். இது அரைக் கிலோ அளவிலேயே நிற்கும். அதுவரை போட்ட தீவனத்தின் விலை திரும்புவதில்லை.

நான்காம் வாரத்தின் பயன்

அரசுத் திட்டங்களில் புறக்கடைக் குஞ்சுகளை வளர்ப்பு நிலையங்களில் 4 வாரம் வளர்த்துப் பயனாளிகளுக்கு வழங்கும் ஏற்பாடு உள்ளது. தடுப்பூசியும் முதல் வாரங்களின் வெப்பப் பராமரிப்பும் நிலையத்திலேயே முடிந்துவிடும் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மற்றொரு பயனையும் அலுவலர்கள் பயன்படுத்திக் கொள்ளலாம். லெகார்ன் போன்ற இலேசான இனங்களில் 4, 5 வாரங்களில் சேவலின் கொண்டை பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும், கால் தடித்திருக்கும். கனத்த இனங்களில் இன்னும் சில வாரங்கள் ஆகும். பட்டாணிக் கொண்டை உடையவற்றில் கொண்டையை நம்ப முடியாது. கழுத்திலும் இடுப்பிலும் கூர்நுனி இறகுகள் தோன்றும் 10, 12 வாரம் வரை காத்திருக்க வேண்டும். எனினும் ஒற்றைக் கொண்டையுள்ள கூட்டத்தில் நான்காம் வாரம் வெளிப்படையான சேவல்களையாவது ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெட்டைகளை ஓரளவு சமமாகப் பங்கிட முடியும். பெட்டியில் கை விட்டு வந்ததை எண்ணிக் கொடுப்பதைவிட இதற்கு அரை நாள் கூடுதலாகும். நூற்றில் 13 குடும்பங்களின் பங்கைச் சரிசெய்ய அரை நாள் அதிகமன்று.

குஞ்சுகளுக்கு ஆணை அனுப்பும்போது இனத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதுவது இன்றும் பெருவழக்காக உள்ளது. அதில் தாய் எந்த வகை, தந்தை எந்த வகை, தூய இனமா கலப்பா, கலப்பானால் எத்தனையாவது தலைமுறை, பால் பிரித்ததா, எந்த முறையில் பிரித்தது, பிழைக்கு எத்தனை விழுக்காடு ஒப்புக்கொள்ளப்படும், பிழை மிகுந்தால் ஈடு என்ன என்பவற்றையும் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். சண்டிகர், புவனேசுவரம், மும்பை, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டா ஆகிய இடங்களிலுள்ள மத்தியக் கோழி வளர்ச்சி நிறுவனங்களைப் போன்று பெற்றோர்க் கூட்டங்களைப் பதிவேட்டுடன் வைத்திருக்கும் நிலையங்களுக்கு இக்கேள்விகளுக்கு விடை அளிப்பதில் தடை இராது. விடை வராத இடத்திலிருந்து குஞ்சு வாங்க நேர்ந்தால், பெட்டியின் மேல் எந்த இனத்தின் பெயர் எழுதியிருந்தாலும், இருப்புப் பதிவேட்டில் ‘இனம் அறியப்படாதது, பால் பிரிக்கப்படாதது’ என்றே பதிவு செய்து, பயனாளியிடமும் அவ்வாறே சொல்லிக் கொடுக்க வேண்டும்.